ஏற்கெனவே உள்ளே இருப்பவர்

பூங்காவின் கேட்டில் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனவர்கள் பசையைக்கூட ஒழுங்காகத் தடவவில்லை. ஒரு மூலை பிய்ந்து காற்றில் படபடத்தது. ரெஜினா அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு படித்தாள். பக்கத்தில் அவள் அப்பா மாசிலாமணி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"இன்னாடி போட்டுகீறான்?"

"இது உறங்கும் நிலமாம்ப்பா. யாரும் வர்றதில்லையாம். அதனால அடுக்குமாடி கட்றவங்களுக்குக் குடுக்கப் போறாங்களாம்."

"யாரும் வர்றதில்லியா? அப்ப நான் யாரு?"

அவர் கேட்டது நியாயம்தான். ஒரு மத்தியானம்கூடத் தவறாமல் வருகிற ஆள் அவர். காலமெல்லாம் சிமெண்டும் அரிசியும் தூக்கியதில் நுரையீரல் முழுக்கத் தூசி. குடிசை மாற்று வாரிய வீடுகளில் அவர்களுடையது மேல்மாடி. வெயில் ஏறினால் சுவரில் கை வைக்க முடியாது. அந்த அனலில் அவருக்கு மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. பூங்காவின் வடக்கு மூலையில் புங்க மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தால்தான் நெஞ்சின் விசில் சத்தம் அடங்கும். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பம்பைவிட அந்த நிழல் நன்றாக வேலை செய்தது. அது போனால் அப்பா அடுத்த கோடையைத் தாண்டமாட்டார். இதை எந்த மனுவில் எழுதினாலும் எவனும் படிக்கப்போவதில்லை என்பதும் ரெஜினாவுக்குத் தெரியும்.

"நீ படுத்துக் கெடக்கற. படுத்தா கணக்கில்லப்பா. நடந்தாதான் கணக்கு."

நகரத்தின் எல்லாப் பூங்காக்களிலும் நடைபாதைக்கு அடியில் தகடு பதித்திருந்தார்கள். மேலே விழும் அடியின் அதிர்வை வைத்து எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று அது எண்ணும். எண்ணுவது மட்டுமில்லை, ஆளையும் அடையாளம் காணும். முகம் மாதிரி, ரேகை மாதிரி, ஒருத்தர் நடை இன்னொருத்தருக்கு வராது. ஒரு பருவம் முழுக்க எண்ணிக்கை குறைந்தே கிடந்தால் அந்த நிலம் தூங்குகிறது என்று அர்த்தமாம். தூங்குகிற நிலத்தை எழுப்பிக் கட்டடமாக்கலாம் என்று சட்டம்.

மறுநாள் சாயங்காலம் பூங்காவிலேயே கூட்டம் போட்டார்கள். நாற்காலிகளில் வேலவன் அவென்யூக்காரர்கள். கிழக்குப் பக்கம் அவர்களுடைய தனி வீடுகள், காலை நடைக்கு வருகிறவர்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர்கள் மேற்குப் பக்கத்து வாரிய வீட்டுக்காரர்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூடியது அதுதான் முதல் தடவை. போன வருஷம்வரை அவென்யூ சங்கம் நடத்திய ஒரே போராட்டம், 'புல்தரையில் படுக்காதீர்கள்' என்று பலகை வைக்கச் சொல்லி நடத்தியதுதான்.

சங்கத் தலைவி வத்சலா மேடம் ஓய்வு பெற்ற பேராசிரியை. நல்லவர்தான். நல்லவர்கள் பேசுகிற மாதிரியே பேசுவார்.

"குறையா நினைச்சுக்காதீங்க. உங்க பக்கத்து ஜனங்க உள்ள வர்றாங்க, ஆனா நடக்கவே மாட்டேங்கறாங்களே."

"நாள் பூரா நின்னு வேல செஞ்சிட்டு வர்றவங்க மேடம்," என்றாள் ரெஜினா. "அதுக்குன்னு ஒரு ஷூ வாங்கி மாட்டிக்கினு சுத்த மாட்டாங்க. உக்காரத்தான் வருவாங்க."

பின்வரிசையில் எஸ்தர் அக்கா சத்தமாகச் சிரித்தாள். மேடமும் சிரித்துவைத்தார்.

"சரிம்மா. நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவளாமே. உனக்கு எதாவது தோணுதா?"

தோன்றியது. அதுதான் வினை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அவள் போட்டோவை பேனரில் போட்டு வாரிய வீடுகளின் வாசலில் கட்டியிருந்தார்கள். அப்படிப்பட்டவளிடம் நாற்காலியில் இருக்கிற ஒருத்தர் முதல்முறையாக யோசனை கேட்கிறார். மண்டைக்குள் ஏறாமல் இருக்குமா?

"பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு எடம் புடிக்கிறோமே மேடம். ஆள் அப்புறமாத்தான் ஏறும். ஆனா சீட்டு நம்மளுது. அந்த மாதிரி நடையப் போட்டு வெச்சா?"

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள் அவள். சின்னச் சின்ன மோட்டார்கள் சுலபமாகக் கிடைத்தன. தோசைக்கல் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்கு அவள் வைத்த பெயர் தட்டி. ஒருவர் நடையைப் பதிவு செய்து அதில் ஏற்றினால், அதே அழுத்தம், அதே இடைவெளி, அதே தயக்கத்தோடு மண்ணுக்குள்ளிருந்து தட்டும். ஒரு தட்டி ஓய்ந்த இடத்தில் அடுத்தது தொடரும். மேலே யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் தகட்டுக்கு ஒரு மனிதர் நடந்துகொண்டே இருப்பார்.

"இது தப்பில்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உடம்பு முடியாதவங்க, ஊர்ல இல்லாதவங்க, இவங்களுக்கும் பார்க் சொந்தம்தானே?" என்றார் வத்சலா மேடம். "இது ப்ராக்ஸி ஓட்டு மாதிரி. அவ்வளவுதான்."

சனிக்கிழமை அவென்யூக்காரர்களின் நடையைப் பதிவு செய்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாரிய வீடுகளின் நடுவாசலில் ரெஜினா பாயை விரித்தாள். பாய்க்கு அடியில் கருவி. சங்கத்தின் கம்ப்யூட்டரை ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு அவென்யூக்காரர் ஒருவர் பூங்காப் பதிவில் பெயர்களைத் தட்டினார். கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் பாய்மேல் நடந்தார்கள், மற்றவர்கள் விசிலடித்தார்கள்.

"ஏண்டி, நான் நடந்தா பாய் தாங்குமா?" என்றாள் எஸ்தர் அக்கா.

"தாங்கும்க்கா. நீ இடுப்ப ஆட்டாம நட."

"ஆட்டாம நடந்தா அது நான் இல்லியே. பார்க்கு கேட்டா இன்னா சொல்லுவ?"

அப்பா நடந்தபோது மட்டும் யாரும் விசிலடிக்கவில்லை. முதுகில் மூட்டை இல்லை, ஆனால் கால்களுக்கு அது தெரியாது. முட்டி மடங்கியே இருந்தது. சின்னச் சின்ன அடி, வேக வேகமாக, யாரோ பின்னால் நின்று 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டுகிற மாதிரி. பாயின் விளிம்பில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"மெதுவா நடக்கலாமேப்பா."

"மெதுவா நடந்தா முட்டி கழண்டுக்கும்டி. பழகிருச்சு."

அன்றைக்கு ராத்திரிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். வத்சலா மேடம் போன் செய்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். அவருடைய கணவர் ராமபத்ரன், மாவட்ட நீதிபதியாக இருந்தவர், இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதயக் கோளாறுக்காக டாக்டர் போடச் சொன்ன சென்சார் ஷூவில் அவர் நடை முழுக்கப் பதிவாகியிருக்கிறதாம்.

"உன் போனுக்கு அனுப்பறேன். அவரையும் சேர்த்துக்கோயேன். இருபது வருஷம் இங்கதான் நடந்தார்."

"செத்துப்போனவரு மேடம்..."

"சங்கத்துல அவர் ஆயுள் உறுப்பினர்மா. யாரும் பேரை எடுக்கல."

ரெஜினா சேர்த்தாள். ஒரு ஆள் கூடினால் நல்லதுதானே என்றுதான் அப்போது பட்டது.

தட்டிகளைப் புதைத்த மறுநாளே, கேட்டில் இருந்த எண்ணிக்கைப் பலகையில் எண் ஏறத் தொடங்கியது. மத்தியானம் அப்பாவோடு ரெஜினா உள்ளே போனாள். ஈ காக்கை இல்லை. நடைபாதை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அப்புறம் செருப்பைக் கழற்றி வெறுங்காலை வைத்தபோது தெரிந்தது. அடியில் கூட்டம். திருவிழாக் கூட்டம். ஒரு கனத்த அடி இடுப்பை ஆட்டிக்கொண்டு கடந்து போனது. அதன் பின்னாலேயே இரண்டு பேர் ஜோடி போட்டுக்கொண்டு. அவள் நின்ற இடத்தில் முட்டிக்கொள்ளாமல் அவளுக்குள்ளேயே புகுந்து போனார்கள்.

பூங்காவின் நாய்கள் அன்றே வெளியேறின. கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. குரைக்கவில்லை.

அப்பா மரத்தடியில் படுத்து மண்ணில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"யாரோ ஒருத்தன் மூட்டையோட போறாண்டி."

"அது நீதாம்ப்பா."

"நானா? அவ்ளோ அவசரமாவா போறேன்?"

மழைக்காலம் முடிவதற்குள் அதிகாரிகள் வந்தார்கள். எண்ணைப் பார்த்தார்கள், வெறிச்சோடிய பாதையைப் பார்த்தார்கள், திரும்பவும் எண்ணைப் பார்த்தார்கள். எண்ணைத்தான் நம்பினார்கள். பூங்கா 'நிறை நிலம்' என்று அறிவிக்கப்பட்டது. அடுக்குமாடிக்காரன் வேறு இடம் பார்த்துப் போனான். அவென்யூக்காரர்கள் லட்டு கொடுத்தார்கள். வத்சலா மேடம் மேடையில் ரெஜினாவைக் கட்டிப்பிடித்தார். அந்தப் போட்டோவும் பேனரானது.

நிறை நிலத்துக்கென்று விதி இருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கூட்டம் அளவு மீறினால் மரமும் மண்ணும் கெடும் என்று, கோடை தொடங்கியதும் கேட்டுக்குப் பூட்டு வைத்தார்கள். வாசலிலும் ஒரு தகடு. ஆளை அடையாளம் கண்டால்தான் கதவு திறக்கும். முதல் மத்தியானம் அப்பா அதில் காலை வைத்ததும் ஒரு பெண் குரல், ஜவுளிக்கடை விளம்பரத்தில் வருவது போன்ற குரல், சொன்னது:

"வணக்கம், மாசிலாமணி. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். நன்றி."

அப்பா பின்வாங்கித் திரும்பவும் நடந்தார். திரும்பவும் அதே நன்றி. எஸ்தர் அக்கா முயன்றாள். அவளும் உள்ளே இருந்தாள். வாரிய வீடுகளில் பாய்மேல் நடந்த எல்லோரும் உள்ளே இருந்தார்கள். எல்லோரும் வெளியே நின்று கம்பி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே அவென்யூக்காரர் ஒருவர் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்.

ரெஜினா நேராக வத்சலா மேடம் வீட்டுக்குப் போனாள். மேடம் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். நாற்காலியில்தான் உட்காரச் சொன்னார், அதையும் சொல்லவேண்டும்.

"உங்க ஆளுங்க மட்டும் எப்படி மேடம் உள்ள போறாங்க?"

"எங்க பதிவுகளை எடுத்துட்டோம்மா. ரெண்டு இடத்துல ஒரே ஆள் இருக்க முடியாதே."

"அப்ப எங்களுதையும் எடுங்க."

"எல்லாத்தையும் எடுத்தா எண்ணிக்கை விழுந்துடும். உறங்கும் நிலம் ஆயிடும். அப்புறம் யாருக்குமே பார்க் இல்ல." அவர் குரல் உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "உங்க ஜனங்க நடக்கறதாலதாம்மா அது நிக்குது. எனக்கு அது தெரியும். நன்றியோடதான் இருக்கோம்."

"நாங்க நடக்கல மேடம். எங்க சத்தம் நடக்குது. எங்கப்பாவுக்கு மூச்சு விட முடியல. அவரு ஒருத்தருதையாவது எடுங்க."

"ஒருத்தருக்கு எடுத்தா நாளைக்கு எல்லாரும் வருவாங்க. செயற்குழுல பேசறேன்."

ரெஜினா வாயைத் திறந்தாள். அப்போது கூடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிச்சத்தம் வந்தது. நிதானமான, நீளமான அடிகள். யாராலும் எந்தக் காலத்திலும் அவசரப்படுத்தப்படாத ஒருவருடைய நடை. கூடத்தின் ஓரமாக வந்து, சோபாவின் பின்னால் கொஞ்சம் நின்று, ஜன்னல் பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை. மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"அவரைப் பார்க்ல அந்தக் கூட்டத்தோட விட மனசு வரலம்மா," என்றார். "நாலு தட்டியோட வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்."

ரெஜினா எழுந்துவிட்டாள். அதற்கப்புறம் கோபம் வந்தது. செத்தவருக்கு வீடு திரும்ப வழி இருக்கிறது. உயிரோடிருப்பவருக்கு மரத்தடிக்குப் போக வழி இல்லை.

வீட்டுக்கு வந்து சங்கத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தாள். கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். புதைத்த தட்டிகளை ஓட்டுவதே அதுதான், வாரிய வீட்டுக்காரர்களின் நடைகள் எல்லாம் அதற்குள்தான். அப்பாவுடையதும். அவளிடம் ஒரு பிரதிகூட இல்லை. அதிகாரிகளிடம் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மறுவாரமே ஜேசிபி வரும், புங்க மரம் போகும். சொல்லாவிட்டால் மரம் இருக்கும், அப்பா கம்பிக்கு இந்தப் பக்கம் இருப்பார்.

அப்பா சுவரில் சாய்ந்து, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு விசிலடித்தது. மின்விசிறி அனலை வாரி அவர்மேல் கொட்டியது.

"வேற மாதிரி நடந்து பாக்கட்டுமாடி?" என்றார். "நொண்டி கிண்டி?"

"பேர் இல்லாத நடைக்கு கதவு தொறக்காதுப்பா. பதிவான நடையா இருக்கணும். உள்ள இல்லாத ஆளா இருக்கணும்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு உறைத்தது. அப்படி ஒருவர் இருக்கிறார். மாநகராட்சிப் பதிவில் அவர் இறந்தவர், பூங்காப் பதிவில் ஆயுள் உறுப்பினர். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அவர் நடை அவள் போனுக்கு வந்தது, போனிலேயே இருந்தது.

மிச்சமிருந்த தட்டிகளை வீட்டுத் தரையில் வரிசையாகப் போட்டு, மேலே பாயை விரித்தாள். ராமபத்ரன் அந்தப் பத்தடிக் கூடத்தில் நடக்கத் தொடங்கினார். அப்பா அந்த அடிகளின்மேல் கால் வைத்துப் பழகினார்.

"இன்னாடி இவன், ஒரு கால எடுத்து வெச்சிட்டு அடுத்த கால யோசிக்கிறான்?"

"யோசிக்கலப்பா. அவசரமில்ல அவருக்கு. முட்டிய நீட்டு. பின்னாடி யாரும் வெரட்டல."

"வெரட்டாம எப்படி நடக்கறது?"

ஊரே வேடிக்கை பார்த்தது. எஸ்தர் அக்கா வாசலில் நின்று கும்பிட்டாள். "ஜட்ஜ் ஐயா, எம் புருசனுக்கு ஒரு தூக்குத் தண்டன குடுங்க." அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் விடவில்லை. குதிகால் மெதுவாக இறங்கவேண்டும். மூணாவது அடியில் ஒரு சின்ன நிறுத்தம். அது அந்த மனிதரின் இதயக் கோளாறு. அதையும் பழகினார். ரெஜினா லிஃப்ட் கம்பெனியிலிருந்து திரும்பி மாடிப்படியில் ஏறும்போது, உள்ளே நடப்பது தட்டியா அப்பாவா என்று ஒருநாள் அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த மத்தியானம் கேட்டுக்குப் போனார்கள். அப்பா கால் வைத்தார்.

"வணக்கம், ராமபத்ரன் அவர்களே. உங்களை நீண்ட நாட்களாகக் காணவில்லை."

கதவு திறந்தது. ரெஜினா கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள். தோளில் துண்டோடு அப்பா ஒரு நீதிபதியைப் போல வடக்கு மூலைக்கு நடந்து, மரத்தடியில் படுத்து, கையைத் தூக்கி ஆட்டினார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் அழுதாள்.

கொஞ்ச நாளில் நெஞ்சு விசில் அடங்கியது. சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். ஒரு சாயங்காலம் தட்டில் கையை வைத்தபடியே சொன்னார்:

"அந்தம்மா என் முன்னால நடக்குதுடி."

"யாரு?"

"ஜட்ஜு பொண்டாட்டி. இப்ப மத்தியானத்துல வருது. நான் பின்னால வந்தா நின்னுடுது. திரும்பிப் பாக்கல. அப்புறம் நடந்துகினே பேசுது. இந்த மாசம் மாத்திரை மாத்திட்டாங்கன்னுச்சு. பையன் போனே பண்றதில்லன்னுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"உம் கொட்டுனேன். வேற இன்னா பண்றது? திரும்பிப் பாத்துச்சுன்னா செத்துடும்டி அது."

"அது உன்ன வெளிய நிக்க வெச்ச பொம்பள."

"தெரியும். அதான் உம் மட்டும் கொட்டுனேன்."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். மரத்தடியில் படுக்கிற நேரம் குறைந்து, அந்தம்மாவுக்குப் பின்னால் நடக்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. வீட்டிலும் அப்படியே நடந்தார். தண்ணி எடுக்கப் போகும்போதும், கக்கூசுக்குப் போகும்போதும். மூணாவது அடியில் ஒரு நிறுத்தம். மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினாவுக்குப் பொறுக்கவில்லை.

"வீட்லயாவது உன் நடை நடப்பா."

"நடக்கறேனே."

"இது அவரு நடை. உன்னுத நடந்து காட்டு. மூட்டை தூக்குற நடை."

அப்பா நின்றார். முட்டியை மடக்கிப் பார்த்தார். ஒரு அடி வைத்தார், அது நீளமாக விழுந்தது. திரும்ப வைத்தார். அதுவும் நீளம். ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்குவதென்று தெரியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பார்வை மகள்மேல் இருந்தது.

"எப்படிடி நடப்பேன் நானு?"

ரெஜினா நடந்து காட்டினாள். சின்ன அடி, வேகமாக, முட்டியை மடக்கி. அவளுக்கு வந்தது அவள் நடைதான். லிஃப்ட் கருவிப் பையைத் தோளில் மாட்டி ஒரு பக்கம் சாய்ந்த நடை. அப்பா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது இல்லை.

"உள்ள கீதுல்ல," என்றார். "பாதையில. போயி பாத்து வெச்சிக்கினு வரேன்."

அன்றைக்கு அவர் மத்தியானத்துக்குக் காத்திருக்கவில்லை. கதவு அவரை ராமபத்ரன் என்று வரவேற்றது. ரெஜினா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நாய்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையின் நடுவில் நின்றார். ரொம்ப நேரம் குனிந்து தரையைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து, ஏதோ ஒன்றின் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நாலு எட்டு போனார். நீளமான, நிதானமான எட்டுகள். நின்றுவிட்டார். பாதை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு சீராகத்தான் இருந்தது.

"பாத்தியாப்பா?"

"வந்தான்டி. கிட்டக்கவே வந்தான். நில்லுடான்னு கூப்ட்டேன்." அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார். "மூட்டையோட போறவன் எங்க நிப்பான்? போய்கினே கீறான்."